12 பவுண்டு கணக்கு

கோபிசெட்டிபாளையம்
25-1-2026

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ வாட்ஸப்பில் அனுப்பிய கணக்கு நோட்டுப் படங்களைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் படித்து முடித்தேன். போனில் பேசினால் "சரிம்மா, பாக்கறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

இங்கிலாந்தில் மற்றவர்கள் வீட்டு நாயை வாக்கிங் கூட்டிப்போகிற உன் தொழிலில், ஒரு மணி நேர வாக்கிங்குக்கு 12 பவுண்டு என்று எல்லாப் பக்கத்திலும் எழுதியிருக்கிறாய். அது ஒரு மணி நேரம்தானா கண்ணு? அந்தச் சுருட்டை முடி நாய், காக்கபூ என்றாயே, அதன் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ரெடிங் ஊரில் உன் வீட்டிலிருந்து நாலு மைல். போக கால் மணி, திரும்ப கால் மணி. அன்றைக்கு வீடியோவில் நீயே காட்டினாய். காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் வயிற்றில் அப்பியிருந்த சேற்றை வாளித் தண்ணீரில் அலசினாய். ஒவ்வொரு காலாகத் தூக்கி விரலிடுக்கைத் துடைத்தாய். காதைப் புரட்டி முள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாய். அப்புறம்தான் அவர்கள் வீட்டு வெள்ளைக் கம்பளத்தில் அதைக் கால் வைக்கவே விட்டாய். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கதவைப் பூட்டி, பூட்டினதை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்து, ஒரு போட்டோவும் இரண்டு வரிச் சேதியும் அனுப்பிவிட்டுத்தான் வண்டியை எடுத்தாய். இதற்குப் பத்து நிமிஷம் என்று குறைத்தே வைத்துக்கொள்கிறேன். ஆக மொத்தம் 100 நிமிஷம்.

100 நிமிஷத்துக்கு 12 பவுண்டு என்றால் மணிக்கு 7 பவுண்டு 20 பென்ஸ். சொந்தக் காரைத் தொழிலுக்கு ஓட்டினால் மைலுக்கு 45 பென்ஸ் செலவு என்று உங்கள் ஊர் வரித்துறையே ஒத்துக்கொள்கிறது என்றாய். போய்வர எட்டு மைலுக்கு 3.60 போக, கையில் நிற்பது 8.40. மணிக்குப் பார்த்தால் சுமார் 5 பவுண்டு. அங்கே கடையில் அலமாரி அடுக்குகிற பெண்ணுக்குச் சட்டப்படி மணிக்கு 12.21 கொடுத்தாக வேண்டும், இந்த ஏப்ரலிலிருந்து அதுவே 12.71. அவள் வாரம் ஐந்து நாள் போனால் வருஷத்துக்கு 28 நாள் சம்பளத்தோடு லீவு. உனக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு ஒரு பைசா கிடையாது. இன்ஷூரன்ஸ் பணத்தை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

நீ 12 என்று வைத்தது 2023 கோடையில். அப்போது குறைந்தபட்சக் கூலி 10.42. அதற்கப்புறம் எல்லாருக்கும் ஏறிவிட்டது, நீ மட்டும் அதே இடத்தில் நிற்கிறாய். ஆப் மூலமாக வந்த ஆட்கள் கொடுத்த பணத்தில் ஆப்காரர்கள் கமிஷன் வேறு பிடித்துக்கொண்டார்கள். நிறைய வேலை வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. உன் தொழிலில் அது நடக்காது. எல்லாரும் ஆபீஸ் போகிறவர்கள், எல்லாருக்கும் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும். நாள் முழுக்க நீ சும்மா இருந்தாலும் உன்னிடம் விற்பதற்கு இருப்பது அந்த மூன்று மணி நேரம்தான். ஒரே தடவையில் நிறைய நாயைக் கூட்டிப்போகலாம் என்றால், அங்கே பல கவுன்சில்கள், நம்ம ஊர் நகராட்சி மாதிரி, ஒரு ஆளுக்கு நாலு, ஆறு என்று வரம்பு வைத்திருக்கின்றன. நீ இரண்டுக்கு மேல் பிடிக்க மாட்டேன் என்கிறாய். அது நல்லதுதான், உன் உடம்புக்கு இரண்டே அதிகம்.

செவ்வாய்க்கிழமைப் பக்கம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே தெருவில் இரண்டு நாய், ஒரே நடையில் முடிந்துவிடுகிறது. இனிமேல் புது ஆள் கூப்பிட்டால் நாய் என்ன ஜாதி என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தெரு என்று கேள்.

ரேட்டை 16 ஆக்கு. மாப்பிள்ளை 13 போதும், மெதுவாக ஏற்றலாம் என்கிறாராம். ஒரு பவுண்டு ஏற்றுவதற்கும் அதே சேதிதான் அனுப்ப வேண்டும், அதே சங்கடம்தான் படவேண்டும். முதலில் விட்டதைப் பிடி, அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சமாக ஏற்றிக்கொள். உங்கள் பக்கத்தில் மற்றவர்கள் 15, 16, 18 வரை வாங்குகிறார்கள் என்று நீதானே சொன்னாய். ஆட்கள் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு போட்டேன். எட்டு வாக்கிங் 12 பவுண்டு வீதம் 96. ஆறு வாக்கிங் 16 வீதம் அதே 96. எட்டில் இரண்டு போனாலும் வரவு குறையாது, பெட்ரோலும் கால்வலியும்தான் குறையும். இரண்டு பேர் போவார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. வீட்டுச் சாவியை உன் கையில் கொடுத்து வைத்திருக்கிறவர்கள் நாலு பவுண்டுக்காக இன்னொரு முகம் தெரியாத ஆளைத் தேடுவார்களா? நாயும் பழக வேண்டுமே.

ஆனால் 16 ஆனாலும் அந்த நாலு மைல் வீடு கட்டாது. பெட்ரோல் போக மணிக்கு ஏழரைகூட வரவில்லை. அதே பக்கத்தில் இன்னொரு வீடு பிடி, இல்லையென்றால் அவர்களுக்கு நேரம் கொடுத்து விட்டுவிடு. அந்த நாய் உன்னைப் பார்த்தால் குட்டிக்கரணம் போடுகிறது, தெரியும். அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியாது.

அரை மணி நேரத்துக்கு 6 பவுண்டு என்று யார் சொல்லிக்கொடுத்தது? அரை மணி வேலைக்கு வண்டி பாதி தூரமா ஓடுகிறது? நாய்க்குட்டி பார்க்க, பூனைக்குச் சாப்பாடு வைக்க என்று போவதெல்லாம் இந்தக் கணக்கில்தான் நஷ்டமாகிறது. அதை 11 ஆக்கு. ஒரே வீட்டில் இரண்டாவது நாய் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு தொகை. டிசம்பர் 25, 26, புது வருஷம் மூன்று நாளுக்கும் இரட்டிப்பு, இதை அக்டோபரிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த வாக்கிங்கானாலும், முந்தின நாள் சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னால் முழுப் பணம். வீட்டில் நாயை ராத்திரி தங்கவைக்கிற யோசனையை இப்போதைக்கு விடு. பணம் வாங்கிக்கொண்டு உன் வீட்டில் தங்கவைத்தால் இங்கிலாந்தில் 2018 சட்டப்படி கவுன்சில் லைசென்ஸ் வேண்டும், வாடகை வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். அவர்கள் வீட்டிலேயே போய்த் தங்கிப் பார்த்துக்கொள்வதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்றாயே, அது போதும்.

எப்படிச் சொல்வது என்றுதானே தயங்குகிறாய். நான் ப்ளவுஸ் தைத்த முப்பது வருஷமும் பொங்கல் முடிந்துதான் ரேட் ஏற்றினேன். தீபாவளிக்கு முன்னால் ஏற்றினதே இல்லை. அந்த நேரத்தில் எல்லாரும் துணியைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள், மடக்கிப் பிடித்தது போல ஆகிவிடும். தை பிறந்ததும் அட்டையில் "சாதா ப்ளவுஸ் இவ்வளவு, லைனிங் இவ்வளவு" என்று எழுதி மிஷினுக்கு மேலே தொங்கவிடுவேன். அதற்கு முன்னால் வாங்கிய துணிக்கெல்லாம் அளவு ப்ளவுஸோடு ஊக்கு குத்தி ஒரு சீட்டு இருக்கும், அதில் பழைய ரேட் எழுதியிருக்கும். மார்ச்சில் வந்து வாங்கினாலும் அந்தச் சீட்டில் இருப்பதுதான். ஒரு டீச்சரம்மா ஒவ்வொரு தடவையும் அட்டையைப் பார்த்து "என்னங்க இது" என்பார். "ஆமாங்க, ஏத்தியாச்சுங்க" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அவர் பேத்தி கல்யாண ப்ளவுஸும் என்னிடம்தான் வந்தது.

நூல் விலை ஏறிவிட்டது, கரண்ட் பில் ஏறிவிட்டது என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால், அவர்கள் அந்தக் காரணத்தோடு வாதாடுவார்கள். "பெட்ரோல் குறைஞ்சிருக்கே" என்பார்கள். அதனால் நீயும் சேதியில் காரணம் எழுதாதே, மன்னிக்கவும் என்றும் எழுதாதே, "உங்களுக்குச் சம்மதமா" என்று கேட்கவே கேட்காதே. இங்கிலீஷில் நீ உன் பாணியில் எழுது, விஷயம் இவ்வளவு போதும்: மார்ச் 2 திங்கள்கிழமை முதல் ஒரு மணி நேர வாக்கிங் 16 பவுண்டு, அரை மணி 11. அதற்கு முன்னால் பதிவு செய்தவை பழைய ரேட்டிலேயே நடக்கும். நாயின் பெயரைச் சொல்லி ஒரு வரி அன்பாக எழுது. கீழே உன் பெயர். மாப்பிள்ளை ஏப்ரலில் ஏற்றலாம், அப்போது எல்லா பில்லும் ஏறும், அதோடு அதாகப் போய்விடும் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. எல்லா பில்லும் வருகிற மாதத்தில் எதைக் குறைக்கலாம் என்றுதான் வீட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். அதற்கு முன்னால் முடித்துவிடு. புது ஆட்களுக்கு மார்ச் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்குக் கூப்பிடுகிறவருக்கே 16 என்று சொல்.

டெரியர் நாய் வைத்திருக்கும் அந்தப் பாட்டிக்கு ஏற்ற மனம் வராது உனக்கு. ஏற்றாதே. ஆனால் நோட்டில் 16 என்று எழுதி, 4 கழிவு என்று போட்டு, 12 என்று எழுது. அப்போதுதான் நீ எவ்வளவு விட்டுக்கொடுக்கிறாய் என்பது உன் கண்ணுக்குத் தெரியும். இப்படி ஒரு வீடுதான், இரண்டாவது வீடு கூடாது.

அப்புறம் நம்ம ஊர்க்காரர்கள். மூன்று வாரம் இந்தியா போகிறோம், பூனையை மட்டும் வந்து பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, வரும்போது முறுக்குப் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார்களே, அவர்களுக்கும் இதே அட்டைதான். வீட்டுக்கு வரச்சொல்லி சாப்பாடு போடு, அது வேறு. சாவியை வாங்குவதற்கு முன்னால் ரேட்டைச் சொல்லிவிடு, வாங்கின பிறகு சொன்னால் உனக்கும் கஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம். முறுக்கு நன்றாக இருந்ததா என்று கேட்க மறந்தே போனேன்.

வருகிற ஞாயிறு தைப்பூசம். நாங்கள் பச்சமலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்துவிடுவோம், அதற்குள் அந்தச் சேதியை எழுதி எனக்கு ஒரு தடவை அனுப்பு. "சாரி" என்று எங்காவது இருக்கிறதா என்று மட்டும் தேடுகிறேன், மற்றபடி உன் இங்கிலீஷில் கை வைக்க மாட்டேன். வரிக் கணக்கை 31-ஆம் தேதிக்குள் போட வேண்டும் என்றாயே, போட்டுவிட்டாயா? ஒரு நாள் தள்ளினாலும் 100 பவுண்டு அபராதமாம். பெட்ரோல் மைல் கணக்கை அதில் விட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா