பூட்டிக் கிடந்த வீட்டுக்கு உரியவரைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் எங்கள் தெருவின் மேல வரிசையில் பல வருஷமாகப் பூட்டியே கிடந்த ஓட்டு வீட்டுக்கு ஒருவழியாக ஆள் வந்துவிட்டது. சரிந்த கூரையை இறக்கியாயிற்று. கொல்லைக் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டாயிற்று. இதற்காக அலைந்தவர்களுக்குத் தெருவாசிகள் சார்பில் ஊரறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விவரம். எங்கள் தெரு வீடுகளுக்கு நடுவே சந்து கிடையாது. இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர் ஒன்றுதான். ஒரு வீட்டில் உத்திரம் உளுத்து ஓடு சரிந்தால், ஐப்பசி மழைத் தண்ணீர் சுவர் வழியாக அடுத்த வீட்டுக் கூடத்தில் இறங்கும். அப்படித்தான் இறங்கியது. பூட்டிய வீட்டு முற்றத்துத் தொட்டியில் நீர் தேங்கிக் கொசு மொய்த்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தெரு முழுக்க ஒரே கேள்வி: வீட்டுக்காரர் யார்? வாடகைக்கு இருந்தவர்கள் போய் வெகுகாலம் ஆகிவிட்டதால் பதில் சொல்ல ஆளில்லை.

முதல் நன்றி பத்திர எழுத்தர் ஐயாவுக்கு. எங்கள் கையில் இருந்தது கதவு எண் மட்டும். பட்டா பார்ப்பதற்கு அது உதவாது. நகரத்தில் வார்டு, பிளாக், நகர அளவை எண் மூன்றும் வேண்டும். "அந்த வீட்டுப் பத்திரம் உங்ககிட்ட இல்லை, சரி. உங்க வீட்டுப் பத்திரம் இருக்குல்ல, அதை எடுத்துட்டு வாங்க" என்றார் ஐயா. பொதுச்சுவர் வீட்டுக்காரரான அண்ணன் தன் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தைக் கொண்டுபோனார். மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, மை பழுப்பேறிய தாள். ஐயா முதல் பக்கங்களைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசியில் சொத்து விவரத்துக்குப் போய், சக்குபந்தி என்னும் நான்கெல்லை வரியில் விரலை வைத்தார். இன்னாருடைய வீட்டுக்கு வடக்கு என்று அடுத்த வீட்டுக்காரர் பெயர், தகப்பனார் பெயரோடு அங்கே இருந்தது. நான்கெல்லை எழுதாத வீட்டுப் பத்திரம் அபூர்வம். உங்கள் பக்கத்து வீட்டுக்கு உரியவர் யார் என்பது பெரும்பாலும் உங்கள் பீரோவிலேயே இருக்கும் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

நில அளவைத் துறையில் ஓய்வுபெற்ற சார் பிளாக் வரைபடத்தில் அந்த மனையின் எண்ணை எடுத்துக் கொடுத்தார். கடைசி வீட்டில் பி.காம். படிக்கும் தங்கை அதை வைத்து இணையத்தில் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்த்தார். பத்திரத்தில் இருந்த அதே பெயர். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. சொத்துவரிக் கணக்கும் அதே பெயரில்தான் நின்றது.

ஆனால் அந்தப் பெரியவர் காலமாகி ரொம்ப வருஷமாகிவிட்டது. வில்லங்கச் சான்றில் வருவதெல்லாம் பதிவான பத்திரங்கள்தான். ஒருவர் இறந்து சொத்து பிள்ளைகளுக்குப் போனால், அவர்கள் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டா மாற்றாதவரை எல்லாப் பதிவேட்டிலும் இறந்தவர் பெயரே இருக்கும். இந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பாதிக்கு இதுதான் கதை என்றார் பத்திர எழுத்தர் ஐயா. அதற்கு மேல் காகிதத்தில் வழியில்லை.

அங்கிருந்து எங்களைக் கரைசேர்த்தவர் மூலை வீட்டுப் பாட்டி. பெயரைச் சொன்னதும், "அவரா? அவருக்கு மூணு பொண்ணு, ஒரு பையன். பெரியவ கல்யாணத்துக்கு நான்தான் வாசல் கோலம் போட்டேன்" என்றார். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது பாட்டிக்கும் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊரை விட்டாலும் குலதெய்வத்தை விடமாட்டா. வருஷா வருஷம் பொங்கல் வைக்க வருவா, பூசாரியைக் கேளுங்கோ" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே பாட்டிக்கு எத்தனை நமஸ்காரம் செய்தாலும் தகும்.

பூசாரி ஐயா ஊருக்கு வெளியே வயல் நடுவில் இருக்கும் சின்னக் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். அவருடைய கோயில் வரி நோட்டில் குடும்பத் தலைவர் பெயர், வரி கொடுத்த தேதி, போன் நம்பர் எல்லாம் பென்சிலில் இருந்தன. நம்பரைக் கேட்டோம். தர மறுத்துவிட்டார். "கோயிலை நம்பிக் கொடுத்த நம்பர். நானே பேசறேன், அவங்க சரின்னா உங்ககிட்ட பேசச் சொல்றேன்" என்றார். அன்று சாயங்காலமே பேசினார். முன்பின் தெரியாத எங்களிடம் கொடுக்காமல் அந்தக் குடும்பத்தின் நம்பரை அவர் காப்பாற்றிய விதத்துக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறோம். அந்த மரியாதையோடு பேச்சு தொடங்கியதால்தான் எதிர்முனையில் கோபம் இல்லை.

பெரிய பெண்மணி, புனேயில் இருப்பவர், மறுநாளே கூப்பிட்டார். வீடு இந்த நிலையில் இருப்பது அவருக்குத் தெரியாது. தம்பி பார்த்துக்கொள்கிறான் என்று அக்கா இருந்திருக்கிறார். சின்னவள் பார்க்கிறாள் என்று தம்பி இருந்திருக்கிறார். அக்கா, நீங்கள் ரயிலேறி வந்து எங்கள் கூடத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கியதை நாங்கள் மறக்கமாட்டோம். நால்வரும் கையெழுத்துப் போட்டு, செலவைப் பகிர்ந்துகொண்டு, கூரையை இறக்கிக் கொடுத்தீர்கள். உங்களை இத்தனை நாள் முகம் தெரியாமல் திட்டிய தெரு இது. இப்போது எப்போது வந்தாலும் எங்கள் வீடுகளில்தான் தங்க வேண்டும்.

வழக்கறிஞர் அண்ணனுக்கும் நன்றி. பூட்டை உடைத்து உள்ளே போகலாம் என்று இளைஞர்கள் துடித்தபோது, அது அத்துமீறல் ஆகிவிடும் என்று தடுத்தார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 152. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க அதில் இடமிருக்கிறது என்று சொல்லி, பைசா வாங்காமல் மனுவும் எழுதி வைத்தார். கொடுக்க வேண்டிய தேவை வரவில்லை. கொல்லைப் பக்க மதில் ஓரமாக நின்று கிணற்றில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விட்ட, தொட்டிக்கு மருந்து தெளித்த டெங்கு ஒழிப்புப் பணியாளர்களுக்கும், அவர்களை அனுப்பிய துப்புரவு ஆய்வாளருக்கும் தெருப் பெண்கள் தனியாக நன்றி சொல்லச் சொன்னார்கள். சிறுமி நலமாகிப் பள்ளிக்குப் போகிறாள்.

வாரிசுச் சான்றிதழுக்கு அக்கா விண்ணப்பித்துவிட்டார். அது வந்ததும் பட்டா மாறும். பொதுச்சுவர்ப் பூச்சு வேலையை ஐப்பசிக்கு முன் இரு வீட்டாரும் சேர்ந்து முடிப்பதாகப் பேச்சு. பக்கத்துத் தெருவில் இதே மாதிரி இரண்டு வீடுகள் உண்டு என்று கேள்விப்பட்டோம். அங்கே இருப்பவர்கள் தங்கள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு சாயங்காலத்தில் வரலாம். சக்குபந்தி படித்துக் காட்டப் பத்திர எழுத்தர் ஐயா சம்மதித்திருக்கிறார்.

அன்புடன்,
மேல வரிசைக் குடித்தனக்காரர்கள்