கேசட்டை அவசரப்பட்டு ஓட்டிவிடாதே

டேய் ஜெபா,

மூன்று மாசம் பதில் போடாததற்கு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள். ஆனால் அமெரிக்கக் கிறிஸ்தவ பங்க் ராக் குழுவான லஸ்ட் கண்ட்ரோலின் 1988 கேசட் கையில் கிடைத்திருக்கிறது என்று எழுதிவிட்டாயே, இனியும் சும்மா இருக்க முடியுமா? அம்மா சுகம்தானே? நம்ம தாமஸ் இன்னும் அதே சுருதியில்தானா?

‘திஸ் இஸ் எ காண்டம் நேஷன்’ (இது ஓர் ஆணுறை தேசம்) என்ற கேசட்டின் பேரைப் பார்த்து, இது எப்படிக் கிறிஸ்தவக் குழு என்று கேட்டிருக்கிறாய். பைபிளில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய ‘ஆக்கினைத்தீர்ப்பு’ ஆங்கிலத்தில் கண்டெம்னேஷன். அதை நடுவில் வெட்டி, ஓர் எழுத்தைக் கொஞ்சம் திருகினார்கள், அவ்வளவுதான். டெக்சஸ், ஆஸ்டின்காரர்களுக்கு இந்தக் குறும்பு நிறையவே உண்டு. முன்னால் நின்று பாடிய டக் வான் பெல்ட் யார் தெரியுமா? 1985இல் ‘ஹெவன்ஸ் மெட்டல்’ என்ற கிறிஸ்தவ ராக் இசைப் பத்திரிகையைத் தொடங்கியவர். அடுத்தவன் பாட்டையெல்லாம் எடைபோடுகிறவர் தானே பாட வந்தபோது முகமூடி மாட்டிக்கொண்டார்!

பாட்டில் சொல்வது வாலிபர் கூட்டத்தில் நாம் கேட்டுக் கேட்டுப் புளித்த புத்திமதிதான்: கல்யாணம் வரை பொறு, ஆபாசப் படம் பார்க்காதே. ஆனால் சுயஇன்பத்தைச் சுயஇன்பம் என்றே சொல்லிவிட்டார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். அன்று அமெரிக்காவில் இந்த வகை இசை பெரும்பாலும் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில்தான் விற்றது. வாங்க வருகிறவர்கள் அம்மாக்களும் போதகர்களும். அந்த அலமாரியில் இந்தப் பேரை எப்படி வைப்பது? பங்க் கூட்டத்துக்கோ, கற்பைப் பற்றிப் பாடுகிறவன் கேலிப்பொருள். அதே ஊர் பங்க் குழு ‘ஒன் பேட் பிக்’ எவ்வளவோ பரவாயில்லை. மேடையில் கிடாரைத்தான் உடைத்தார்கள். 1991இல் அவர்களோடு பிரபல கன்ட்ரி பாடகர் ஜானி கேஷே வந்து ‘மேன் இன் பிளாக்’ பாடினார்.

எனக்கு இவர்களிடம் ஒரு மனத்தாங்கல் உண்டு, ஜெபா. 1992 ஆல்பத்துக்கு ‘நாங்கள் வெட்கப்படவில்லை’ என்று பேர் வைத்தார்கள். பாடுகிறவனுக்கு வெட்கம் போயிருக்கலாம். தனியாக அறையில் உட்கார்ந்து கேட்கிற பதினாறு வயசுப் பையனுக்கு? அவன் குற்றவுணர்ச்சி கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

சரி, கேசட்டுக்கு வா. எடுத்தவுடன் ப்ளே அழுத்தாதே. கேசட்டில் நாடா வெளியே தெரிகிற வாய்ப் பக்கம், நடுவில், செம்புத் தகட்டின் மேல் ஒரு சின்ன பஞ்சுத் துண்டு இருக்கும். இத்தனை வருஷத்தில் அதன் பசை காய்ந்திருக்கும். அது விழுந்திருந்தால், நாடாவைப் படிக்கிற ஹெட்டில் நாடா சரியாக அழுந்தாது. சத்தம் ஏறி இறங்கும், டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தம் காணாமல் போகும். வேறு கேசட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டு. கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டில் ஐந்து ஸ்க்ரூ இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் ஒட்டு வரியில் பிளேடு வைத்து மெதுவாகப் பிளந்து, சுருள்களை ஸ்க்ரூ கூட்டுக்கு மாற்று. பிறகு கடைசிவரை ஒருமுறை ஓட்டி, திருப்பிச் சுற்று. நாடாவின் இறுக்கம் சமமாகும்.

ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடை. பாட்டை மோனோவில் (இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கி) போட்டு, ஹெட்டின் சாய்வை மாற்றும் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகிப் பார். சிம்பல் எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்து. லேபிளில் டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) குறி இல்லையென்றால் டால்பியை அணை, இல்லாவிட்டால் கம்பளி போர்த்தின மாதிரி கேட்கும். கணினியில் ஏற்றும்போது பதிவு 24 பிட்; மிக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது.

கெஞ்சிக் கேட்கிறேன், இரைச்சலை நீக்கும் மென்பொருள் பக்கம் போகாதே. அந்தக் கிடாரின் கரகரப்பும் நாடாவின் ‘ஸ்ஸ்’ஸும் ஒரே அலைவரிசையில் கலந்து கிடக்கின்றன. ஒன்றை வழித்தால் மற்றதும் போய், தண்ணீருக்குள் பாடின மாதிரி ஆகிவிடும்.

ஏ பக்கம் முடிந்ததும் சுருக்காத கோப்பாக அனுப்பு, எம்பி3 வேண்டாம். அப்பா வீட்டில் இருக்கும்போது மட்டும் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்.

உன்,
செல்வா