‘இயக்கப்பட வேண்டும்’ என்றால் யாரால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் தொழில்நுட்பத்தை எழுதுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது கலைச்சொற்களில் தொடங்கிக் கலைச்சொற்களிலேயே முடிந்துவிடுகிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வெங்கடசுப்பையருடன் சேர்ந்து அறிவியல் சொற்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கிய 1916-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் அந்தப் பணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சொல் கிடைத்த பின்னும் வாக்கியம் அமையாவிட்டால் என்ன நேரும் என்பதை, தருமபுரி மாவட்டத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் நான் நடத்திய ஆறு மாதத் தொழில்நுட்ப எழுத்துப் பயிற்சியில் ஒரு மாணவர்தான் எனக்குத் தெளிவாக உணர்த்தினார்.

பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த அவர், மின்னியல் பட்டயப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தார். மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தால் பழுது எங்கே என்று உடனே சொல்லிவிடுவார். ஓடிக்கொண்டிருக்கும் போர் (ஆழ்துளைக் கிணற்று) மோட்டார் தானாக நின்றுவிட்டால் விவசாயி என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி வருமாறு முதல் வாரத்தில் கேட்டிருந்தேன். நான்கு பக்கங்கள் வந்தன. முதல் பக்கம் முழுவதும் மின்சாரத்தின் பெருமை, அதன் பிறகு இப்படி ஒரு வாக்கியம்: “நீர்மூழ்கி மின்னியக்கியானது மிகைச்சுமை காரணமாகத் துண்டிக்கப்படும் நிலையில், சிறிது நேரத்திற்குப் பின் மீண்டும் இயக்கப்பட வேண்டும்.” இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. யாரால் இயக்கப்பட வேண்டும், சிறிது நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டபோது அவர் விழித்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பக்கத்தை நிரப்பினால் மதிப்பெண் கிடைக்கும் என்றுதானே பள்ளியில் பழக்கியிருக்கிறோம்? திருத்தும் நாங்களும் வரிகளை எண்ணித்தான் திருத்தினோம்.

அடுத்த முறை எதிர்த்திசையில் ஓடினார். “ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆனால் ரீசெட் செய்து, சப்ளை செக் செய்து, ஆன் செய்யவும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சுமை மிகும்போது மோட்டாரை நிறுத்தும் கருவிதான் ஓவர்லோடு ரிலே; அது செயல்பட்டு நிறுத்துவதே ட்ரிப். ஊரில் எல்லோரும் பேசும் சொற்கள்தான். எனக்கும் குறை எதுவும் உடனே தென்படவில்லை. எழுதியதை யாராவது ஒருவர் அப்படியே செய்து பார்க்க வேண்டும், அப்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் விதி. எனவே அவர் தம் பெரியப்பாவை மோட்டார் அறைக்கு அழைத்துச் சென்று, தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றிருக்கிறார். எழுத்துக்கூட்டிப் படித்த பெரியப்பா, ரீசெட் பொத்தானை அழுத்திய பிறகே சப்ளையைப் பார்க்கச் சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறார். “ஏம்பா, மூணு லைனும் வருதான்னு பார்த்துட்டுத்தானே கை வைக்கணும்? நீ கை வச்சப்புறம் பார்க்கச் சொல்றியே” என்று அவர் கேட்டாராம். இரண்டு மாதம் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

இது சொல்லழகு பற்றிய விவகாரம் இல்லை. மும்முனை மோட்டாருக்கு ஒரு ஃபேஸ், அதாவது மூன்று மின் லைன்களில் ஒன்று, வராதபோது சுவிட்சைப் போட்டால், பாதுகாப்புக் கருவி சரியாக இல்லாத இடத்தில், மோட்டார் சுழலாமல் உறுமும். மற்ற இரண்டு ஃபேஸ்களிலும் மின்னோட்டம் ஏறி, வைண்டிங் எனும் உள்கம்பிச் சுருள் சூடாகிக் கருகிவிடும். பிறகு குழாயோடு மோட்டாரை மேலே ஏற்ற வண்டிக்கும் ஆட்களுக்கும் கூலி கொடுத்து, காயில் கட்டிக் கொண்டுவந்து இறக்கும் வரை பயிர் காயும்.

அதன் பிறகு அவருடைய எழுத்தில் வந்த மாற்றத்தை வாரத்துக்கு வாரம் பார்க்க முடிந்தது. ‘செய்யப்பட வேண்டும்’ மறைந்து ‘செய்யுங்கள்’ வந்தது. ‘அணைக்கவும்’, ‘திறக்கவும்’ என்பவற்றையும் அவரே தவிர்க்கத் தொடங்கினார். “மெயினை அணைக்கவும் மூடியைத் திறக்கவும்” என்று அடுத்தடுத்து வரும்போது, அவை கட்டளைகளா, ‘அணைப்பதற்கும் திறப்பதற்கும்’ என்ற பொருளில் வருகின்றனவா என்பது வாக்கியம் முடியும் வரை தெரிவதில்லை என்று அவர் சொன்னபோது, இத்தனை ஆண்டுகள் ‘வும்’ போட்டே அறிவிப்பு எழுதிவந்த எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. கடைசிப் படி இப்படித் தொடங்கியது: “மோட்டார் தானாக நின்றால் உடனே ஆன் பொத்தானை அழுத்தாதீர்கள். பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று விளக்குகளும் எரிகின்றனவா என்று பாருங்கள். ஒன்று எரியாவிட்டாலும் மோட்டாரைப் போடாதீர்கள்.” நான்கு பக்கம் ஒன்பது வரியாகியிருந்தது.

இறுதித் திட்டப்பணிக்கு அவர் எடுத்துக்கொண்டது தம் ஊர்க் குடிநீரின் ஃபுளோரைடு அளவு. நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும் இந்த மாவட்டத்தில் அது ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘அதிகம்’ என்ற சொல்லை அறிக்கையில் ஓரிடத்திலும் அவர் தனியாக விடவில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் 1.5 வரை போகலாம் என்ற இந்தியத் தர அளவை முதலில் வைத்து, ஒவ்வொரு கிணற்றின் அளவையும் அதன் அருகிலேயே கொடுத்திருந்தார். ஊர் மக்களுக்கெனத் தனியே எழுதிய அறிவிப்பில், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள் என்பதற்கு அடுத்து, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு வரி இருந்தது: “போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும்.” காரணம் கேட்டேன். கிருமிக்குச் சொன்ன யோசனையை இதற்கும் சேர்த்துக்கொண்டு, வீட்டில் அம்மா குழந்தைகளுக்குக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுக்கிறார் என்றார். ஆங்கில அறிக்கையும் முன்பைவிடத் தெளிவாக வந்திருந்தது. மதிப்பிட வந்தவர் அது மெலிந்திருப்பதாகச் சொல்லி இரண்டு மதிப்பெண் குறைத்தார் என்பது தனிக்கதை.

பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலையங்களின் இறுதித் திட்டப்பணியில், இப்போது கேட்கும் அறிக்கையோடு பயன்படுத்துவோருக்கான இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே கல்வித் துறைக்கு என் வேண்டுகோள். துறை சாராத ஒருவர் அதைப் படித்து, அதன்படி செய்து பார்த்த பிறகே அதற்கு மதிப்பெண் தர வேண்டும். ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கு இங்கிருந்து வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இயந்திரத்தின் முன் நின்று படிக்கப்போவது இப்படிப்பட்ட தாள்களைத்தான்.

அந்த ஒன்பது வரித் தாள் பெரியப்பாவின் மோட்டார் அறைக் கதவின் உட்புறத்தில் இன்னமும் ஒட்டியிருக்கிறது. எங்கள் இருவருக்குமே தோன்றாத பத்தாவது வரியாக, ஒயர்மேனின் கைப்பேசி எண்ணை அவர் பேனாவால் எழுதிச் சேர்த்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
தருமபுரி.