பாலே விடுதிப் பள்ளிக்கு ஆசைப்படும் பெண்ணின் அம்மாவுக்கு

அன்புள்ள தங்கச்சி,

உன் பாப்பாவின் பாலே பள்ளி ஆடிஷனுக்கு, அதாவது ஆடிக் காட்டுகிற நுழைவுத் தேர்வுக்கு, கூடுதல் வகுப்பும் கருவியும் வேண்டுமா என்று கேட்டாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஆடிஷனுக்கு முன்னால் வாரத்துக்கு இன்னொரு தனி வகுப்பு வைக்க வேண்டாம். இணையத்தில் விற்கிற, பாதத்தை வளைக்கும் அந்தக் கருவியையும் வாங்காதே. காசு போனால் போகட்டும், பத்து வயதுக் குழந்தையின் கணுக்கால் அது.

உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். இதே கேள்வியோடு வேறு சில அம்மாக்களும் வருவதால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். பாப்பாவின் பெயர் எங்கும் வராது, பயப்படாதே.

நீ இருக்கிற லண்டன் ஓரத்துச் சட்டன் பக்கம், கிராமர் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வான இலெவன் பிளஸ் பைத்தியம் பிடித்த ஊர். எட்டு வயதில் இயர் 4இலேயே டியூஷன், பத்து வயதில் இயர் 6 தொடங்கியதும் செப்டம்பரில் பரீட்சை. நேரமும் பணமும் போட்டால் மார்க் ஏறும் என்பது அங்கே ஓரளவு நடக்கவும் செய்கிறது. பாலே ஆடிஷனையும் நீ அதே கண்ணால்தான் பார்க்கிறாய் என்று உன் வாட்ஸாப்பைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. இங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் குழந்தைக்கு எத்தனை ஸ்டெப் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். கால் இடுப்பிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கம் திரும்புகிறது, புறங்கால் எப்படி வளைகிறது, முதுகு எப்படி, கை கால் நீளம் எப்படி, பாட்டு தொடங்கியதும் உடம்பு என்ன செய்கிறது, ஒரு திருத்தம் சொன்னால் அடுத்த தடவையே பிடித்துக்கொள்கிறாளா, இதைத்தான் பார்ப்பார்கள். இறுதிச் சுற்றுக்குப் போனால் பிசியோதெரபிஸ்ட் மூட்டு மூட்டாகச் சோதிப்பார்.

இதில் பெரும்பங்கு பிறவியிலேயே வருவது. டர்ன் அவுட் என்கிறார்களே, அது தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இடுப்பு திரும்பாத அளவுக்குப் பாதத்தைத் திருப்பினால் முழங்காலும் கணுக்காலும் முறுக்கிக்கொள்ளும். நீயே சின்ன வயதில் பரதநாட்டிய வகுப்பில் அரைமண்டியில் நின்று பழகியவள். உன் வகுப்பில் யாருக்கு முட்டி வலி வந்தது, ஏன் வந்தது என்று யோசித்துப் பார், புரியும்.

ஆகவே இடம் கிடைக்காமல் போனால் அவள் உழைக்கவில்லை என்று பொருள் இல்லை. இதை ஆடிஷனுக்கு முன்பே அவளிடம் சொல்லிவிடு. முடிவு வந்த பிறகு சொன்னால் சும்மா சமாதானப்படுத்துகிறாய் என்றுதான் நினைப்பாள்.

சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு என்ன என்பதை நீங்கள் இரண்டு பேரும் யோசித்ததாகவே தெரியவில்லை. எனக்கு அதுதான் கவலை.

நீ குறி வைத்திருக்கிற ராயல் பாலே ஸ்கூலின் கீழ்ப்பள்ளி, லண்டனில் ரிச்மண்ட் பார்க்குக்குள் இருக்கும் ஒயிட் லாட்ஜ். 18ஆம் நூற்றாண்டில் அரசருக்கு வேட்டை மாளிகையாகக் கட்டிய இடம். வெளியே மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்த எந்தக் குழந்தையும் மயங்கும், நானே மயங்கினேன். 11 வயதிலிருந்து 16 வரை அங்கே. அதன்பின் நடு லண்டனில் கோவென்ட் கார்டனில் மேல்பள்ளி. அங்கிருந்து ராயல் பாலே குழு ஆடுகிற ராயல் ஓபரா ஹவுஸுக்குப் போக தெருவுக்கு மேலே ஒரு பாலமே கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒயிட் லாட்ஜில் சேர்ந்த எல்லாரும் அந்தப் பாலம் வரை போவதில்லை. 16 வயதில் மேல்பள்ளிக்கு மறுபடியும் தேர்வு. அப்போது ஜப்பான், கொரியா, பிரேசில், ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் 1973லிருந்து நடக்கும் பிரி து லோசான் போட்டியில் பரிசு வாங்கிய கையோடு வருகிறவர்களும் உண்டு. 11 வயதில் பெரும்பாலும் இந்த நாட்டுப் பிள்ளைகளோடு போட்டி, 16 வயதில் உலகத்தோடு போட்டி.

16 வரை போகாமல் நடுவிலேயே வெளியே வருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மாதிரிப் பள்ளிகளில் பிள்ளைகளை அவ்வப்போது மதிப்பிடுவார்கள். உடம்பு வளர்ந்த விதம் பாலேக்குச் சரிவரவில்லை என்று தோன்றினால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்வது நெடுநாள் வழக்கம். அந்தந்தப் பள்ளி இப்போது எந்த வகுப்பில், எப்படி இதைச் செய்கிறது என்று நேராகக் கேள். என் மகளுக்கு இயர் 9இல் சொன்னார்கள். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, சொன்ன நேரம் மட்டும் நல்ல நேரம். இயர் 10 தொடக்கத்திலேயே ஊர்ப் பள்ளியில் சேர்ந்ததால் 16 வயதில் எழுதுகிற ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வுக்கான பாடங்களை ஆரம்பத்திலிருந்து படிக்க முடிந்தது. இயர் 10 முடிந்தபின் வெளியே வந்தால் சிக்கல்தான். பள்ளிக்குப் பள்ளி தேர்வு வாரியம் மாறும். ஒரு பள்ளி நடத்தி முடித்த நாவல் இன்னொரு பள்ளியில் பாடத்திலேயே இருக்காது.

அவள் வீட்டுக்கு வந்த முதல் சில மாதங்கள் எப்படி இருந்தன என்று நீ பார்த்தவள்தான். 'நடனத்தை விட்டுவிட்டாயா?' என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு. அப்போது கை கொடுத்தது கேட் (CAT) என்று சொல்கிற சென்டர் ஃபார் அட்வான்ஸ்டு டிரெய்னிங். வார இறுதியில் தீவிரப் பயிற்சி, மற்ற நாட்களில் சாதாரணப் பள்ளி, சொந்த வீடு, சொந்தப் படுக்கை. இப்போது கன்டெம்ப்ரரி என்கிற நவீன நடனம் ஆடுகிறாள், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவலும் படிக்கிறாள். ஒயிட் லாட்ஜுக்குப் போகாமலேயே சனிக்கிழமைகளில் ராயல் பாலே ஸ்கூலின் அசோசியேட் வகுப்புக்குப் போகிற வழியும் இருக்கிறது. அதற்கும் தேர்வு உண்டு. 16 வயதில் புதிதாக மேல்பள்ளிக்குள் நுழைகிறவர்கள் பலர். 11இல் விட்டால் கதை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

மாப்பிள்ளைக்குப் பணக் கவலை என்றாய். நியாயம்தான். விடுதியோடு சேர்த்தால் ஆண்டுக்கு 40,000 பவுண்டைத் தாண்டுகிறது. 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி வேறு. ஆனால் கல்வித் துறையின் மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம் என்ற கட்டண உதவித் திட்டம் இருக்கிறது. ராயல் பாலே ஸ்கூல், பர்மிங்ஹாமில் எல்ம்ஹர்ஸ்ட், ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் டிரிங் பார்க் எல்லாம் அதில் வரும். பிள்ளையின் திறமையைப் பள்ளி முடிவு செய்யும். வீட்டு வருமானத்தைப் பொறுத்து நாம் கட்டவேண்டிய பங்கு குறையும், சில குடும்பங்களுக்கு வெகுவாகக் குறையும். குடியிருப்பு நிபந்தனைகளும் உண்டு. உங்கள் விசா நிலைக்கு அது பொருந்துமா என்று விண்ணப்பம் போடும்முன்பே பள்ளி அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கு. அப்புறம், திட்டம் எல்லாவற்றையும் ஏற்காது. லியோடார்ட் என்கிற ஆட்ட உடை, ஷூ, லீவு நாளில் ரயில், கோடைக்காலப் பயிற்சி முகாம் என்று கைவிட்டுப் போவது போய்க்கொண்டேதான் இருக்கும்.

இனி நீ கேட்காத விஷயம். 2023 செப்டம்பரில் பிபிசியின் பனோரமா என்ற புலனாய்வுத் தொடர் ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. ராயல் பாலே ஸ்கூலிலும் எல்ம்ஹர்ஸ்டிலும் படித்த 50க்கும் மேற்பட்டவர்கள் உடம்பைக் கேலி செய்தது பற்றியும் மிரட்டல் பற்றியும் பிபிசியிடம் பேசியிருந்தார்கள். பிள்ளைகள் நலனுக்கே முதலிடம் என்று பள்ளிகள் பதில் சொன்னன. வெள்ளைக்காரர் ஊரில்தான் இப்படி என்று நினைத்துவிடாதே. அதே ஆண்டு மார்ச்சில்தான் சென்னையில் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொல்லைப் புகாரோடு வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். குருவை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை, விடுதியில் தங்கி, அந்த ஒரே குருவின் ஒரு சொல்லில் எதிர்காலமே இருக்கிறது என்று நம்பினால், எந்த ஊராக இருந்தாலும் வாயைத் திறக்காது. நம் வீட்டில் வேறு 'டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். அதை இன்றிலிருந்து நிறுத்து.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஸ்டூடியோவின் கண்ணாடியையும் தரையையும் பார்த்து வியந்துவிட்டு வராதே. பிள்ளைகளை எடை பார்க்கிறீர்களா, பார்த்தால் யார், ஏன் என்று கேள். இயர் 7இல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இயர் 11 முடித்தார்கள், வெளியே போனவர்கள் இப்போது எங்கே என்று கேள். விடுதிகளில் பள்ளிக்கு வெளியே உள்ள ஒருவரிடம் பிள்ளைகள் பேச வழி வைத்திருக்க வேண்டும் என்பது இந்நாட்டு விதி. அந்த ஆள் யார், அவருடைய தொலைபேசி எண் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாப்பாவையே கேட்கச் சொல். பள்ளிகளைச் சோதித்து எழுதுகிற ஆய்வு அறிக்கைகள் பொதுவில்தான் இருக்கின்றன, இரவில் ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் படித்துவிடலாம். கேள்விகளுக்கு முகம் சுளித்தால் அதுவே உனக்குப் பதில்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். வளரும் வயதில் நாள் முழுக்க ஆடுகிற உடம்புக்குச் சாப்பாடு போதாவிட்டால் எலும்பு தேயும், மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நிற்கும், காலில் மயிரிழை முறிவு வரும். ரெட்-எஸ் என்று மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றால், வந்தது மாதக்கணக்கில் நின்றுபோனால், 'டான்ஸர்களுக்கு அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் கேட்காமல் குடும்ப மருத்துவரான ஜிபியிடம் போ. பாப்பா சைவம் வேறு. இரும்புச் சத்து, புரதம் இரண்டையும் விடுதிச் சமையலறையோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். நம் தோலுக்கு இந்த ஊர் வெயில் போதாது. கறுத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி எடுப்பதை யோசிக்கச் சொல்கிறது இந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ். அதற்கு ஆடிஷன் வரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றைக்கே வாங்கு. அடிபட்டால் என்ஹெச்எஸ்ஸிலேயே நடனக் காயங்களுக்கென்று தனி கிளினிக் இருக்கிறது, ஜிபி மூலம் போகலாம். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

இதோடு இன்னொன்று. 'என்ன இப்படி இளைச்சுட்டே', 'கொஞ்சம் சதை போட்டிருக்கே' என்று வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். அதையும் நிறுத்தச் சொல். உன் அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை என்றால் நான் சொல்கிறேன்.

ஷூ பற்றிக் கேட்டாய். விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயிண்ட் ஷூ, என் மகளின் பழையதைத் தரமாட்டேன். ஒருத்தி காலுக்கு வளைந்துகொடுத்த ஷூ இன்னொருத்தி காலைத் தாங்காது. தவிர பாப்பாவுக்கு இன்னும் அந்த வயசும் ஆகவில்லை, டீச்சர் சொல்லட்டும். நிறத்தைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகச் சொன்னாயே, அது சின்ன விஷயம் இல்லை. காலின் கோடு தொடையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நிறமாக ஓடவேண்டும் என்பதற்காகத்தான் வெளிர் ரோஜா நிறத்தில் டைட்ஸ் என்கிற காலோடு ஒட்டிய உடையும் ஷூவும் வந்தன. அந்த நிறம் யாருடைய தோலின் நிறம் என்று யாரும் கேட்கவில்லை. பழுப்புத் தோல் உள்ளவர்கள் ஃபவுண்டேஷனைக் குழைத்து ஒவ்வொரு ஜோடி ஷூவாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். 2018இல்தான் பாலே ஷூ செய்கிற ஃப்ரீட் கம்பெனி, கறுப்பின, ஆசியக் கலைஞர்களின் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறத்தில் இரண்டு வகை கொண்டுவந்தது. தோல் நிறத்துக்கேற்ற டைட்ஸை இப்போது பல இடங்களில் ஏற்கிறார்கள். விண்ணப்பத்தின்போதே 'இந்த நிற டைட்ஸில் வருவாள்' என்று ஒரு வரி எழுதிவிடு. அன்றைக்குக் காலையில் கதவருகே நின்று அனுமதி கேட்கிற நிலை அவளுக்கு வேண்டாம்.

'நம்ம கலை இருக்க இது எதுக்கு?' என்று ஊரில் கேட்பவர்களுக்கு கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியின் கதையைச் சொல். அவர் முதலில் கற்றுக்கொண்டது பாலேதான். ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நார்டியிடம் கற்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று பாவ்லோவா சொன்னதற்குப் பிறகுதான் பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் பக்கம் திரும்பினார். கலாக்ஷேத்ரா வந்தது 1936இல். இதைக் கேட்டால் வாயை மூடிவிடுவார்களா என்றால் மாட்டார்கள். கொஞ்ச நேரம் வேறு பேச்சு பேசுவார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, இப்போதே செய்யவேண்டியது ஒன்று. அக்டோபர் 31க்குள் கவுன்சிலின், அதாவது உங்கள் ஊர் நிர்வாகத்தின், சாதாரணப் பள்ளி விண்ணப்பத்தைப் போட்டுவிடு. பாலே கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அதை விட்டுவிடாதே. மார்ச் 1இல் அந்தப் பள்ளியின் கடிதம் வரும், பாலே பள்ளியின் பதில் அதற்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். இரண்டாவது விருப்பமாகப் போடுகிற பள்ளியை பாப்பாவோடு போய்ப் பார். அவளுக்குப் பிடித்த பள்ளியாக இருக்கட்டும். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஹாஃப் டேர்ம் விடுமுறையில் பர்மிங்ஹாம் வா, வருமானச் சான்றுகளை வைத்துக்கொண்டு ஸ்கீம் படிவத்தை நாம் உட்கார்ந்து நிரப்பிவிடலாம். வேலை கொடுப்பவர் தருகிற ஆண்டு வருமான-வரிச் சான்றான பி60 எடுத்து வர மறக்காதே.

அன்புடன்,
அக்கா