விறகு எரிந்தால் போதுமா, வீடு சூடாக வேண்டாமா?

அன்பு மகள் தேன்மொழிக்கு,

கணப்பில் கட்டை கட்டையாகப் போட்டும் கூடம் சூடாகவில்லை, பின்கட்டுப் படுக்கையறை முன்னைவிடக் குளிர்கிறது என்றாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

படுக்கையறை குளிர்வது உன் பிரமை இல்லை கண்ணு. திறந்த கணப்பு எரிய எரிய, வீட்டுக்குள் இருக்கிற சூடான காற்றையும் சேர்த்துப் புகைபோக்கி இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கு ஈடாக ஜன்னல் இடுக்கிலும் கதவு இடுக்கிலும் வெளிக்காற்று உள்ளே வரும். அமெரிக்காவில் நீ இருக்கிற வெர்மான்ட் குளிரில் அது எப்படி இருக்கும்! விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்குத் தங்கினாலே பெரிது.

முதலில் விறகைப் பார். குன்னூரில் நாம் சீகைக் கட்டையைப் பிளந்து கொட்டகையில் அடுக்கினால், அடுத்த குளிருக்குத்தான் எடுப்போம். பச்சைக் கட்டையின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். அதை ஆவியாக்கவே தீயின் பலம் போய்விடும். எரியும்போது முனையில் நுரை தள்ளிச் சீறினால் ஈரக்கட்டை. காய்ந்த கட்டையில் முனை வெடித்திருக்கும், இரண்டை மோதினால் கணீரென்று கேட்கும். ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கு. கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்பக்கம் குத்திப் பார், 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேப்பிள் பிளந்து ஒரு வருஷமாவது காய வேண்டும், ஓக் என்றால் இரண்டு. விற்கிறவர் வாய்ப்பேச்சை நம்பி வாங்காதே.

நம் பங்களாக் கணப்பு ஆழமில்லாமல் உயரமாக இருக்கும், பக்கச் சுவர்கள் அறையைப் பார்த்து விரிந்திருக்கும், ஞாபகம் இருக்கிறதா? ரம்ஃபோர்டு பிரபு என்ற விஞ்ஞானி 1790களில் எழுதிவைத்த முறை அது. செங்கல்லில் படுகிற சூடு நேராக நம் மேல் வரும். உன்னுடையது ஆழமான குழி என்கிறாய். இடித்துக் கட்டவெல்லாம் வேண்டாம், பின்சுவரில் கனமான வார்ப்பிரும்புப் பலகை ஒன்றைச் சாய்த்து வை. தீ அடங்கிய பிறகும் சூடு விட்டுக்கொண்டே இருக்கும். பெரிய கட்டைகளை அடியில் வைத்து, சுள்ளியை மேலே போட்டு, மேலிருந்து பற்றவை. புகை குறையும்.

கணப்பு எரியாத நாளில் புகைபோக்கித் தகட்டை மூடிவை. ஆனால் சாம்பல் முழுசாக ஆறும்வரை மூடவே கூடாது. கனலிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. படுக்கையறைப் பக்கம் அதற்கான அலாரம் இல்லையென்றால் இன்றைக்கே வாங்கு.

இவ்வளவு செய்தாலும் திறந்த கணப்பு கொஞ்சம்தான் தேறும். குளிர்காலம் முழுக்க விறகைத்தான் நம்புவதென்றால், குழிக்குள் பொருத்துகிற கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பும், புகைபோக்கிக்குள் எஃகுக் குழாயும் போட்டுவிடுங்கள். விறகுச் சூட்டில் பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளேயே தங்கும். செலவு அதிகம்தான். அப்பாவும் நானும் பாதி தருகிறோம், மாப்பிள்ளையிடம் சொல்.

அதற்கு முன், புகைபோக்கி சுத்தம் செய்கிறவரைக் கூப்பிடு. இத்தனை நாள் ஈர விறகு எரித்திருந்தால் உள்ளே கறுப்பாகப் பிசின் படிந்திருக்கும், அது பற்றிக்கொண்டால் கூரைக்கே ஆபத்து. அவர் வந்து பார்க்கும்வரை கணப்பைப் பற்றவைக்காதே. என்ன சொன்னார் என்று அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா