ரிப்போர்ட் நார்மல் என்றால் மனநோயா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காரணம் பிடிபடாத உடல் உபாதைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அக்கறையோடு எழுதப்பட்டிருந்தது. ஆனால், எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்றால் மனநலக் கோளாறுதான் என்று முடிவு கட்டலாம் என்பதுபோல் அது முடிந்ததை ஏற்க முடியவில்லை.

மனநல மருத்துவமே அந்த வழியை விட்டு விலகி வந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 கையேடு, வலிக்குக் காரணம் கிடைத்ததா இல்லையா என்பதை வைத்து உடல் அறிகுறிக் கோளாறைத் தீர்மானிப்பதில்லை. அந்த வலியைப் பற்றிய ஓயாத பதற்றமும், நேரமெல்லாம் அதிலேயே கரைவதும் அளவு மீறியிருக்கின்றனவா, தொல்லை பொதுவாக 6 மாதங்களுக்கு மேல் நீடிக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அதன் முந்தைய பதிப்பான டிஎஸ்எம்-4-ஐத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்த ஆலன் ஃபிரான்சஸ், கள ஆய்வில் புற்றுநோய், இதய நோய் உள்ளவர்களில் 15 சதவீதம் பேர் இந்த வரையறைக்குள் வந்துவிட்டதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தார். நோய் வந்தவர் கவலைப்படுவது இயல்புதானே?

என் அக்காவுக்குத் திடீரென்று வலது கால் பலமிழந்தது. ஸ்கேனைப் பார்த்த ஒரு மருத்துவர், "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார். நடிக்கிறாள் என்று சொன்னதாகவே அக்கா எடுத்துக்கொண்டாள். அப்புறம் பார்த்த நரம்பியல் மருத்துவர் அவளைப் படுக்க வைத்து, வலது குதிகாலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னார். முடியவில்லை. குதிகாலுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டே, இடது காலைத் தூக்கச் சொல்லி அதை எதிர்த்து அழுத்தினார். வலது குதிகால் தானாகவே நல்ல பலத்தோடு கீழே அழுத்தியது. ஹூவர் என்ற மருத்துவர் 1908-இல் விவரித்த சோதனை இது. "நீங்க நடிக்கல. கால் நரம்பு நல்லா இருக்கு, மூளை அதை வேலை வாங்குறதுலதான் தடுமாறுது" என்று விளக்கி, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். இந்த ஒரு சோதனையே போதும் என்பதில்லை. மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆனாலும் இது கண்ணால் பார்த்த அடையாளம்; ரிப்போர்ட் நார்மல் என்பது மட்டும் அப்படிப்பட்ட அடையாளம் ஆகாது. இன்னும் கண்டுபிடிக்கப்படாத நோய்க்கும் ரிப்போர்ட் நார்மலாக வரலாம்.

ஒருமுறை 'மனசுதான்' என்று ஃபைலில் ஏறிவிட்டால், நாளைக்குப் புதிதாக நெஞ்சு வலி வந்தாலும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். புதிய அறிகுறியைப் புதிதாகவே பரிசோதிக்க வேண்டும் என்பதையும் அந்தக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். ஒரு நரம்பியல் மருத்துவரையும் மனநல மருத்துவரையும் சேர்த்து வைத்து இதைப் பற்றி விரிவாக எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி