கோணல் கை, கோணல் வடக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். மூர்த்தியிடம் இன்னும் அதே ஸ்கூட்டர்.

ஊரில் ஒழுங்காக இருந்த வாட்ச் காம்பஸுக்கு லண்டன் வந்ததும் கிறுக்குப் பிடித்துவிட்டதாமே! வாட்ச் பாவம்டா. திருநெல்வேலிதான் உனக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறது. காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் சரிவே இல்லாமல் கிடக்கும் கோடு, நம்ம பக்கமாகப் போவதால், பூமியின் காந்தப்புலம் இங்கே ஏறத்தாழத் தரையோடு படுத்திருக்கும். கையைக் கோணலாகப் பிடித்தாலும் பெரிய தப்பு வராது. லண்டனில் அது சுமார் 66 டிகிரி சரிவில் தரைக்குள் இறங்குகிறது. உன் பழைய மாடலில் இருப்பது இரண்டு அச்சு சென்சார், புலத்தை முன்பின், இடவலம் என்று இரண்டு திசையில் மட்டும் அளக்கும். சாய்ந்திருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. 10 டிகிரி சாய்த்தால், நீ பார்க்கும் திசையைப் பொறுத்து 20 டிகிரிக்கு மேல்கூட மாற்றிக் காட்டும். மூடுபனியில் அதை நம்பி ஒரு கிலோமீட்டர் நடந்தால் 350 மீட்டர் தள்ளிப் போய் நிற்பாய். இதில் விளையாடாதே.

அதோடு, திசை காட்ட உதவும் கிடைமட்டப் புலம் இங்கே சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அங்கே அதில் பாதி. பாட்டரி, பட்டன் இவற்றின் காந்தத்தால் இங்கே 3 டிகிரி தப்பு இருந்தால் அங்கே 6 ஆகிவிடும்.

ஆகவே அங்கேயே மறுபடி காலிபரேட் செய், அதாவது சென்சாரைச் சரிப்படுத்து. வீட்டுக்குள் வேண்டாம், கான்கிரீட்டில் கம்பி இருக்கும். வெட்டவெளியில் ஒரு மரப்பலகை, போன் இரண்டடிக்கு அப்பால். வாட்சைக் கழற்றி மட்டமாக வை, பட்டனை அழுத்து, பலகையிலிருந்து தூக்காமல் சரியாக 180 டிகிரி திருப்பு, மறுபடி அழுத்து. பாட்டரி மாற்றினால் திரும்பவும் இதே பூஜை. காந்தக் கொக்கி வைத்த ஸ்ட்ராப் என்றால் தூக்கிப் போடு. காருக்குள் பார்த்துவிட்டு எனக்குப் புகார் எழுதாதே.

காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் உள்ள வித்தியாசம் கிரீன்விச்சில் 2019-ல் பூஜ்யத்தைத் தாண்டியது. இப்போதும் அற்பம்தான், வாட்சில் இந்த வித்தியாசத்தைக் கொடுக்கும் செட்டிங்கை 0-விலேயே விடு.

சென்சார் செத்தால் முள் வாட்ச் போதும். மணிமுள்ளைச் சூரியனுக்கு நேரே காட்டு. முள்ளுக்கும் 12-க்கும் நடுவே தெற்கு. முள் மணிக்கு 30 டிகிரி ஓடுகிறது, சூரியன் 15, அதனால்தான் பாதி. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள், அப்போது 12-க்குப் பதில் 1. அப்படியும் 20 டிகிரி பிசகலாம். நம்மூரில் ஜூன் மதியம் சூரியனே வடக்கில் நிற்கும். மூர்த்தியின் ‘தெற்கு’ நினைவிருக்கிறதல்லவா?

மலைக்குப் போகும்போது பையில் சாதாரண ஊசிக் காம்பஸ் ஒன்றும் இருக்கட்டும். இங்கிருந்து அனுப்பச் சொல்லாதே. நம்ம பக்கத்துக்குச் சமன் செய்த ஊசி அங்கே தலைகுனிந்து டயலில் உரசும். அங்கேயே வாங்கு.

காலிபரேட் செய்தபின் எத்தனை டிகிரி குறைந்தது என்று உடனே எழுது. மூன்று மாதம் எடுத்துக்கொள்வது என் உரிமை, உனக்கில்லை.

உன்,
கணேசன்